தலைவருக்கு ஆட்சேபணை இல்லை

"எந்த ஆப்புன்னு மட்டும் சொல்லிடுங்க, நான் போயிடறேன்."

"அது பரிசீலனையில இருக்குங்க."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க."

"போன மாசம், பரிசீலிக்கலாமா வேண்டாமான்னு பரிசீலனையில இருந்துச்சு. இப்ப நிஜமாவே பரிசீலனையில இருக்கு. முன்னேற்றம்தானே, சுலஸ்திரி-சான்?"

உராகஸே நகர அலுவலகத்தின் மூன்றாம் தளத்தில், ஒன்பதாம் எண் கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஹொசோதா பிறந்ததிலிருந்து யாருக்கும் 'இல்லை' என்று சொன்னதில்லை என்று ஊரில் பெயர் எடுத்தவர். அவர் கொடுத்த கடிதம் சுலஸ்திரியின் கையில் நான்காக மடிந்திருந்தது. ஊர் மீன் தொழிற்சாலையில் ஐந்து வருடமாக மீன் அரைத்து, பிசைந்து, ஆவியில் வேகவைத்துக்கொண்டிருக்கும் அவளுடைய ஒப்பந்தம் மார்ச் முப்பத்தொன்றாம் தேதி முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமானால், 'ஊர் தேர்ந்தெடுத்த ஜப்பானிய மொழிச் செயலியில்' நூறு மணி நேரம் படித்ததற்கான சான்றிதழ் வேண்டும். புதுப்பித்துவிட்டால், ஜாவாவில் அத்தை வீட்டில் வளர்கிற மகள் லாரஸை அழைத்துக்கொள்ளலாம். லாரஸுக்கு ஒன்பது வயது. நாலு வயதில் விட்டுவிட்டு வந்தது.

"என் போன்ல ஆறு ஆப் இருக்கு. எல்லாத்துலயும் படிச்சிருக்கேன்."

"அருமை! ஆனா அதெல்லாம் நீங்க தேர்ந்தெடுத்தது. ஊர் தேர்ந்தெடுக்கணும்."

"ஊர் எப்ப தேர்ந்தெடுக்கும்?"

ஹொசோதா பல்லிடுக்கில் காற்றை இழுத்தார். அந்த ஊரில் அதுவும் ஒரு பதில்தான். பிறகு ஏதோ தோன்றியவராக அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆப்பைத் தேர்ந்தெடுக்கற குழுவுல வெளிநாட்டவர் பிரதிநிதி இடம் காலியா இருக்கு. இதைப் பத்தி வந்து கேட்ட வெளிநாட்டுக்காரங்க நீங்க ஒருத்தர்தான். ஆர்வம் இருக்கு உங்களுக்கு."

இப்படியாகத்தான், சான்றிதழ் கேட்கப் போனவள் குழு உறுப்பினராகத் திரும்பி வந்தாள். கையில் அவள் பெயர் செதுக்கிய ஒரு சின்ன மர முத்திரை இருந்தது. காகிதத்தில் அதை எப்போதும் இடப்பக்கம் சற்றுச் சாய்த்து வைக்க வேண்டும் என்று ஹொசோதா இரண்டு முறை சொல்லி அனுப்பினார். இடப்பக்கம் தலைவரின் முத்திரை இருக்கும். முத்திரையும் தலைவருக்குக் குனிந்து வணங்க வேண்டும்.

*

முதல் கூட்டத்தில் ஐந்து நாற்காலிகளுக்கும் தேநீர் வைத்தார்கள். நான்கில்தான் ஆள் இருந்தது. நடுநாயகமாக இருந்த பெரிய நாற்காலி காலி. அதற்கு முன்னால் 'தலைவர் குரோஇவா தொகுஸோ' என்று பெயர்ப்பலகை. கோப்பையிலிருந்து ஆவி எழுந்து, உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் முகம் இருக்க வேண்டிய உயரத்தில் கலைந்துகொண்டிருந்தது.

கூட்ட அறைக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. ஆகவே பரிசீலனைக்கு வந்த நான்கு செயலிகளையும் அச்சடித்து, தைத்து, ஆளுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கமாகக் கொடுத்திருந்தார்கள். துணைத்தலைவர் மிதராய், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், முதல் பக்கத்தில் அச்சாகியிருந்த 'தொடங்கு' பொத்தானை ஆள்காட்டி விரலால் அழுத்தினார். சிறிது நேரம் காத்திருந்தார். மறுபடி அழுத்தினார்.

"வேகம் போதாது," என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

மகளிர் சங்கத்து உகாஜின் அம்மாள் இரண்டாம் செயலியை விரல் நுனியால் தள்ளிவைத்தார். "இந்த ஆப் ரொம்பப் பாராட்டுது. 'மீன்'னு ஒரு வார்த்தை சொன்னதுக்கு நட்சத்திரமா கொட்டுது. நான் அறுபது வருஷமா மீன்னு சொல்லிட்டிருக்கேன். ஒருத்தர் வாயைத் திறந்து நல்லாருக்குன்னு சொல்லியிருப்பாங்களா?"

"நிலநடுக்கம் வந்தா இது மேசைக்கு அடியில போகச் சொல்லிக் குடுக்குமா?" என்று கேட்டார் தீயணைப்புப் படைத் தலைவர்.

"குடுக்கும். முப்பத்தாறாம் பாடத்துல," என்றார் ஹொசோதா.

"அதுவரைக்கும் நிலநடுக்கம் பொறுத்துக்குமா?"

எல்லோரும் நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். மிதராய் சுலஸ்திரி பக்கம் திரும்பினார். "வெளிநாட்டவர் பிரதிநிதி என்ன நினைக்கிறாங்க?"

சுலஸ்திரி எழுந்து நின்றாள். "எனக்கு மூணாவது ஆப் நல்லதுன்னு படுதுங்க. தொழிற்சாலையில நிஜமா பேசற பேச்சு அதுல இருக்கு. மெஷின் நின்னுபோச்சு, விரல் மாட்டிக்கிச்சு, இந்த மாதிரி. அதெல்லாம்தான் எங்களுக்கு அவசரமா வேணும்."

உகாஜின் அம்மாள் கைதட்டினார். "அடேயப்பா! எவ்வளவு நல்லா ஜப்பானிய மொழி பேசறாங்க!" மற்றவர்களும் கைதட்டினார்கள். அவள் சொன்னது என்ன என்பதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. குறிப்பேட்டில், 'வெளிநாட்டவர் பிரதிநிதி நன்றாகப் பேசினார்' என்று மட்டும் ஏறியது.

மிதராய் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒண்ணு சொல்லிடறேன். வெளிநாட்டுக்காரங்க நம்ம மொழியைக் கத்துக்கணும்ங்கறது இந்தக் குழுவோட நோக்கம் இல்லை. அவங்க எப்படியும் கத்துக்குவாங்க, பாருங்க, இவங்களே கத்துக்கிட்டாங்க. தப்பான ஆப்பைத் தேர்ந்தெடுத்துட்டோம்னு நாளைக்கு யாரும் விரலை நீட்டிடக் கூடாது. அதுதான் நோக்கம். அதுக்கு ஒரே வழி, எதையும் தேர்ந்தெடுக்காம இருக்கறது. ஆனா, தேர்ந்தெடுக்காமலே இருந்தாங்கன்னும் யாரும் சொல்லிடக் கூடாது. அதுக்காகத்தான் கூட்டம் போடறோம்." பிறகு காலி நாற்காலியை நோக்கி இடுப்பை வளைத்து வணங்கினார். "தலைவருக்கு ஆட்சேபணை உண்டா?"

அறை மூச்சு விடாமல் காத்திருந்தது. சன்னலுக்கு வெளியே ஒரு கடற்காகம் கத்தியது. தேநீரின் ஆவி ஒருமுறை பக்கவாட்டில் அசைந்தது.

"ஆட்சேபணை இல்லை," என்று எழுதினார் ஹொசோதா.

படியிறங்கும்போது அவள் கேட்டாள். "தலைவருக்கு உடம்பு சரியில்லையா, ஹொசோதா-சான்?"

"இறந்துட்டாருங்க. செப்டம்பர் ஒன்பதாம் தேதி."

சுலஸ்திரி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"தரைத் தளத்துல, குடும்பப் பதிவேட்டுப் பிரிவுல, அவர் இறந்துட்டாரு. அதுல சந்தேகமே இல்லை. ஆனா மூணாம் தளத்துல அவரோட பதவிக்காலம் மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும். தலைவர் காலமானார்னு ஒரு சுற்றுக் கோப்பு போட்டேன். அதுக்கு எல்லா உறுப்பினரும் முத்திரை வெச்சாச்சு. கடைசியா தலைவர் வைக்கணும். அங்க நின்னுபோச்சு."

"அவர் முத்திரை உங்க மேசை டிராயர்லதானே இருக்கு? மத்த காகிதத்துக்கெல்லாம் நீங்கதானே வைக்கறீங்க?"

"அதெல்லாம் வழக்கமான காகிதம்," என்றார் ஹொசோதா, புண்பட்ட குரலில். "ஒருத்தரோட சாவுக்கு அடுத்தவன் முத்திரை வைக்க முடியுமா? மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்லையா?"

*

டிசம்பரில் குழு ஒரு முடிவுக்கு வந்தது. தலைவர் உயிரோடு இருந்தபோது நான்காம் செயலியைத் தன் பெயரில் பதிந்து சோதித்துப் பார்த்திருக்கிறார். தலைவர் பயன்படுத்தியதையே தேர்ந்தெடுத்தால் தலைவருக்கு ஆட்சேபணை இருக்க வழியில்லை. ஆகவே 'சொற்பாலம்' என்ற அந்தச் செயலி தற்காலிகமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. சோதனைக்காலத்துக்கு ஒரே ஒரு கணக்குதான் உண்டு, தலைவருடையது.

"வேற கணக்கு தொடங்கலாமே?"

"தொடங்கலாம். தலைவர் கையெழுத்தோட ஒரு விண்ணப்பம் போதும்," என்றார் ஹொசோதா. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இப்போதைக்கு இதுலயே படிங்க. நேரம் நேரந்தானே. பேரை அப்புறம் மாத்திக்கலாம்."

தொழிலாளர் விடுதி அறையில் அவள், அலுவலகம் கொடுத்தனுப்பிய தலைவரின் தட்டுக் கணினியை முதன்முதலாகத் திறந்தபோது, ஒரு பெண்குரல் கனிவோடு பேசியது. "குரோஇவா-சான்! நீண்ட நாளாகக் காணவில்லையே. எங்கே போயிருந்தீர்கள்?"

கீழே மூன்று விடைகள். கடைக்கு. ஊருக்கு. வேலைக்கு.

"எதை அழுத்தப் போறே ம்பாக்?" ஜாவா வழக்கில் அக்கா என்று கூப்பிட்டபடி, அறைத்தோழி வஹ்யுனி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "நாலாவது விடை ஒண்ணு இருக்கணுமே!"

"சும்மா இருடி."

"சரிங்க, குரோஇவா ஐயா. சாதம் வெந்துடுச்சு, இறக்கட்டுங்களா?"

சுலஸ்திரி 'வேலைக்கு' என்பதை அழுத்தினாள். குரல் மகிழ்ந்தது. பழைய மதிப்பெண் திரையில் வந்தது. உச்சரிப்பு: நூற்றுக்கு முப்பத்தெட்டு. வஹ்யுனி விழுந்து விழுந்து சிரித்தாள். குரோஇவா இந்த ஊரிலேயே பிறந்து, மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தலைவராகி, எழுபத்தாறு வயதுவரை இதே மொழியைப் பேசியவர். உராகஸேக் கடற்கரைப் பேச்சு செயலிக்குப் பிடிபடவில்லை. ஒரே வாக்கியத்தை அவர் இருநூற்றுப் பதினான்கு முறை சொல்லிப் பார்த்திருக்கிறார். கடைசி முயற்சியின் தேதி செப்டம்பர் ஒன்பது. பாதியில் நின்றிருந்தது. ஒலியைத் தொட்டால் கேட்கலாம். வஹ்யுனி தொடப் போனாள். சுலஸ்திரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் வஹ்யுனி சிரிக்கவில்லை.

தினமும் வேலை முடிந்து, மீன் வாசனை போகக் கையைக் கழுவிக்கொண்டு, ஒரு மணி நேரம் குரோஇவாவாக உட்கார்ந்தாள். "குரோஇவா-சான், உங்கள் உச்சரிப்பு செப்டம்பருக்குப் பிறகு வியக்கத்தக்க அளவில் தெளிவாகிவிட்டது," என்றது குரல். "என்ன மாற்றம் செய்தீர்கள்?" ஜனவரியில், இரயில் நிலையத்தில் யாரோ யாரையோ 'குரோஇவா-சான்' என்று கூப்பிட, அவள் திரும்பிப் பார்த்தாள். பிப்ரவரியில், பல் துலக்கும்போது கண்ணாடியில் தெரிந்த முகம் யாருடையது என்று யோசிக்க ஒரு நொடி பிடித்தது. மகளோடு பேசும்போது வார்த்தைக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. "அம்மா, நீ வேற யாரோ மாதிரி பேசறே," என்றாள் லாரஸ். "நெட்வொர்க் சரியில்லை கண்ணு," என்றாள்.

மார்ச் இருபத்தெட்டில் நூறு மணி நேரம் முடிந்தது. சான்றிதழ் தங்கக் கரையோடு வந்தது. பெயர்: குரோஇவா தொகுஸோ.

"வாழ்த்துகள்!" என்றார் ஹொசோதா, எழுந்து நின்று, சான்றிதழைப் பார்த்து.

"பேரை மாத்தணுங்க."

"ஒண்ணும் சிரமமில்லை. படிவம் இதோ. கணக்கு வெச்சிருந்தவரோட மனைவி முத்திரை போதும். காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "அதுல மட்டும் இறந்துட்டார்னு எழுதிடாதீங்க. எழுதினா, செப்டம்பர்லேருந்து தலைவர் இல்லாம கூட்டம் நடந்துச்சுன்னு ஆகும். கூட்டம் செல்லாதுன்னா தேர்வு செல்லாது. தேர்வு செல்லாதுன்னா சான்றிதழ் செல்லாது. அப்புறம் நீங்க…" அவர் பல்லிடுக்கில் காற்றை இழுத்தார். "வேற ஏதாவது காரணம் எழுதச் சொல்லுங்க. 'ஜப்பானிய மொழி கற்பதைக் கைவிட்டுவிட்டார்.' இப்படி."

*

தலைவரின் மனைவி குரோஇவா ஃபுசாயேயின் வீடு துறைமுகத்துக்கு மேலே, சரிவில் இருந்தது. கிழவி அவளை உள்ளே கூப்பிட்டு, பூஜை அலமாரியில் இருந்த கணவரின் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றச் சொன்னாள். படத்தில் அவர் யாரோ தப்பாக ஏதோ சொன்னதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்போல இருந்தார்.

"நீதான் அவரா?" என்றாள் கிழவி.

சுலஸ்திரிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பயப்படாதே. உட்காரு பொண்ணே." மடியிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். "கணக்கு தொடங்கும்போது குடும்பத்தார் எண்ணுன்னு என் நம்பரைப் போட்டிருக்காரு மனுஷன். டிசம்பர் நாலாம் தேதி சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு செய்தி வந்துச்சு. 'இன்று குரோஇவா-சான் கற்றுக்கொண்ட வாக்கியம்: இன்றைக்குக் குளிராக இருக்கிறது, உனக்குக் குளிரவில்லையா?'" அவள் நிறுத்தினாள். "நாப்பத்து நாலு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். சோறு, வெந்நீர், படுக்கை. இந்த மூணு வார்த்தைதான் அவர் வீட்டுல பேசினது. குளிருதான்னு கேட்டதே இல்லை. நான் எழுந்து போய் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டேன்."

"அம்மா, அது நான்…"

"தெரியும்டி. எரிச்ச சாம்பல்லேருந்து எலும்பைக் குச்சியால எடுத்துக் கலயத்துல போட்டவ நான். கால் எலும்புலேருந்து வரிசையாப் போட்டேன். எனக்குத் தெரியாதா அவர் இல்லைன்னு? தெரிஞ்சேதான் பதில் சொல்லிட்டிருந்தேன். தினம் ஏழு மணிக்கு. போன செவ்வாய்க்கிழமை என்ன சொன்னாரு தெரியுமா? 'விடுமுறையில் எங்கே போகலாம்?' ஒரு மணி நேரம் யோசிச்சேன்."

சுலஸ்திரி படிவத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். கிழவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். காரணம் என்ற கட்டத்தில், ஹொசோதா பென்சிலால் லேசாக எழுதிக் கொடுத்திருந்த வரியில் அவள் விரல் நின்றது.

"கைவிட்டாரா?"

சுலஸ்திரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"முப்பத்தெட்டு மார்க் குடுத்துச்சு அந்தச் சனியன். அவர் பொறந்த பேச்சுக்கு முப்பத்தெட்டு. அன்னியிலேருந்து சோறு வேண்டாம், வெந்நீர் வேண்டாம். அதையே சொல்லிட்டிருந்தாரு, சொல்லிட்டிருந்தாரு, சொல்லிட்டே இருக்கும்போது சாய்ஞ்சாரு. அவரா கைவிட்டாரு? ஊர்ல அத்தனை பேரும் பிணத்தைப் பார்த்தாங்க. மிதராய் இங்கதான் உட்கார்ந்து வாத்துமாதிரி அழுதான். ஆனா ஏழு மாசமாக் கூட்ட அழைப்பு வருது, புது வருஷ வாழ்த்து வருது. ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஒரு காகிதத்துல எழுத மாட்டேங்கறாங்க அவர் செத்துட்டாருன்னு."

"எழுதினா வாங்க மாட்டாங்கம்மா. நாளன்னிக்கு என் ஒப்பந்தம் முடியுது. என் பொண்ணை அழைச்சுக்கணும்."

"எத்தனை வயசு?"

"ஒன்பது."

கிழவி பேனாவையும் முத்திரையையும் அவளுக்கும் தனக்கும் நடுவில் பாயில் வைத்தாள். "அப்ப நீயே சொல்லு. நூறு மணி நேரம் அவரா இருந்திருக்கே. கைவிட்டார்னு எழுதட்டுமா?"

கீழே துறைமுகத்தில் படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. சுலஸ்திரி லாரஸின் முகத்தை நினைக்க முயன்றாள். இருநூற்றுப் பதினான்கு முறை ஒரே வாக்கியத்தைச் சொன்ன, அவள் கேட்கத் துணியாத குரல்தான் காதில் வந்தது.

"வேண்டாம்மா," என்றாள். "இறந்துட்டார்னே எழுதுங்க."

கிழவி எழுதினாள். முத்திரையை எந்தப் பக்கமும் சாய்க்காமல் நேராக வைத்தாள்.

*

மார்ச் முப்பத்தொன்று. ஹொசோதா படிவத்தைப் பார்த்ததும் சட்டென்று அதன் மேல் கையை வைத்து மூடினார். பிறகு உள்ளே போய் மிதராயைக் கூட்டிவந்தார். மிதராய் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார்.

"சுலஸ்திரி-சான், உங்க நேர்மையை ஊர் மதிக்குது. ஆனா யோசிச்சுப் பாருங்க. இது வருஷத்துக்கு நூறு பேர் குறையற ஊர். நிதியாண்டோட கடைசி நாள்ல இன்னொருத்தரையும் குறைச்சுக் காட்ட முடியுமா? இருக்கறவங்களை வெச்சுக்கறதுதான் நிர்வாகம். உயிரோட இருக்கறது அப்புறம்." படிவத்தை அழகாக மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "இதை நாங்க பார்க்கலை. பேர் மாத்த வேண்டாம். சான்றிதழ் குரோஇவா-சான் பேர்ல சரியா இருக்கு. அதனால தொழிற்சாலை ஒப்பந்தத்தையும் அதே பேர்ல புதுப்பிச்சாச்சு. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வேலைக்குப் போங்க."

"அப்ப சுலஸ்திரி?"

"நாடு திரும்பிட்டாங்கன்னு குறிச்சாச்சு," என்றார் ஹொசோதா ஆறுதலாக. "பேருதானேங்க. வேலை, அறை, எல்லாம் அப்படியே இருக்கும். நீங்க ஆசைப்பட்டது கிடைச்சிடுச்சு."

புதுப்பித்த ஒப்பந்தத்தை இரண்டு கையாலும் பிடித்து, தலைவணங்கி அவளிடம் நீட்டினார். காகிதம் இன்னும் சூடாக இருந்தது. ஐந்து வருடம் இந்தக் காகிதத்துக்காகத்தான். அவள் வாங்கிக்கொண்டாள்.

"பொண்ணை அழைச்சுக்கற படிவம்?"

"ஓ, அதுவும் இருக்கே!" ஹொசோதா உற்சாகமாகக் கணினியைத் தட்டினார். தட்டியவரின் விரல் மெதுவாக நின்றது. உண்மையாகவே வருத்தப்பட்டார். "குரோஇவா-சானுக்குக் குழந்தைகள் இல்லைன்னு இருக்குங்களே."

அப்போதுதான் அவள் கைப்பேசி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். அங்கே யார் போனை எடுத்தாலும் முதலில் தன் குடும்பப்பெயரைச் சொல்வார்கள். அவள் வாய் அவளுக்கு முன்னால் திறந்துகொண்டது.

"குரோஇவா பேசுகிறேன்," என்றது, குறையே இல்லாத ஜப்பானிய மொழியில்.

மறுமுனையில் ஒரு மூச்சு. பிறகு ஜாவா மொழியில், அந்நியரிடம் பேசும் மரியாதையோடு ஒரு சின்னக் குரல். "மன்னிச்சுக்குங்க ஐயா. தப்பான நம்பர்." துண்டித்துவிட்டது.

மிதராய் நெகிழ்ந்துபோனார். "கேட்டியா ஹொசோதா? நூத்துக்கு நூறு. இந்த ஆப்பைத் தேர்ந்தெடுத்தது சரிதான்."

சுலஸ்திரி ஒப்பந்தத்தைக் கவுண்ட்டரின் மேல் வைத்தாள். கிழவியின் படிவத்தை மட்டும் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு படியை நோக்கி நடந்தாள். முதல் படியில் கைப்பேசி மறுபடி அடித்தது. உடனே எடுக்கவில்லை. தன் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். வரவில்லை. இன்னொருமுறை சொன்னாள்.

"நான்தான் கண்ணு. சுலஸ்திரி. உன் அம்மா."

"அம்மா! முன்னாடி யாரோ ஒரு தாத்தா எடுத்தார். எப்பம்மா என்னைக் கூட்டிட்டுப் போவே?"

"நானே வரேன்டி. நான் வந்துடறேன்."

"குரோஇவா-சான்!" பின்னால் ஹொசோதா காகிதத்தை ஆட்டிக்கொண்டு கூப்பிட்டார். "குரோஇவா-சான்! விட்டுட்டுப் போறீங்களே, குரோஇவா-சான்!"

அவள் திரும்பிப் பார்க்காமல் இறங்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பெயரில் அங்கே உயிரோடு யாரும் இல்லை.